மாஸ்டரோடதுதான் சுத்தம்

கழிப்பறைத் தடுப்புக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. கையில் ஒரு சின்னக் காலி பாட்டில்.

மாஸ்டர் கத்தவில்லை. இரண்டு வருடமாக அவர் எதற்கும் கத்துவதில்லை. ஆனாலும், நிம்மதியாக ஒன்றுக்குப் போகலாம் என்று வந்த இடத்தில் தரையோடு தரையாக ஒரு கை ஊர்ந்து வந்தால் யார்தான் பின்வாங்க மாட்டார்கள்? சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"யாருங்க அது?"

கை அசையவில்லை. விரல்களெல்லாம் நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"மாஸ்டர், நான்தான்" என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது. "சத்தம் போடாதீங்க. கொஞ்சம் ஊத்திக் குடுங்க."

சங்கத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தரும் நீச்சல்காரர்தான் அது. நாள் முழுக்கக் குளத்தில் கிடப்பவருக்கு விரல் சுருங்காமல் வேறென்ன ஆகும்?

"எதை ஊத்தணும்?"

"அதைத்தான் மாஸ்டர். இப்ப எதுக்கு உள்ள வந்தீங்களோ, அதை."

விஷயம் இதுதான். அன்று அந்த விளையாட்டுச் சங்கத்தில் பயிற்சியாளர்களுக்குப் போதை மருந்துச் சோதனை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொருவரும் ஒரு கிண்ணத்தில் சிறுநீர் கொடுத்தாக வேண்டும். கிண்ணம் தப்பாகக் காட்டினால் வேலை போச்சு. சாயங்காலம் கட்டடத்தைப் பூட்டுவதற்குள் கொடுக்காவிட்டாலும் வேலை போச்சு. இப்படி ஒரு விதி வேண்டும் என்று போன மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவர் வேறு யாருமில்லை. கால்பந்து கற்றுத்தரும் நம் மாஸ்டரேதான்.

"பசங்க பக்கத்துல நிக்கிறவன் முதல்ல சுத்தமா இருக்கணும்" என்று அன்று அவர் நிதானமாகச் சொன்னார். "மடியில கனம் இல்லாதவங்களுக்கு என்ன பயம்? முதல்ல என்னைச் சோதிங்க."

பெற்றோர் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் தட்டவில்லை. அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்கு சார் இந்த வீண் வேலை?" என்றார் ஓர் அப்பா. "உங்க மேல எங்களுக்கு நம்பிக்கை இருக்கு சார்."

"நீங்க இப்படியே இருங்க சார். எங்களுக்கு அது போதும்" என்றார் ஓர் அம்மா. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்து போனது. இவ்வளவு பாசமா? இந்தப் பாசத்துக்காகவாவது தன்னைச் சோதித்தே தீர வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். எதிர்த்துப் பேசினால் எதையோ மறைப்பதாக ஆகிவிடும். ஆகவே பெற்றோரும் பயிற்சியாளர்களும் தலையை ஆட்டினார்கள். ஆட்டும்போதே சில பேருக்கு வியர்த்தது.

நாளை மாஸ்டரின் பிள்ளைகளுக்கு இறுதிப் போட்டி. சங்கத்தின் வரலாற்றில் கால்பந்து அணி இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. மாஸ்டருக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. அந்த அணிதான் அவருக்கு எல்லாம்.

இப்போது தடுப்புக்கு அடியில் அந்தக் கை இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணீங்க?" என்றார் மாஸ்டர்.

"மச்சான் வீட்டு மொட்டை மாடியில ஒரு சிகரெட் குடுத்தான் மாஸ்டர். பாதி இழுத்தப்புறம்தான் தெரிஞ்சது, அது சாதா சிகரெட் இல்லன்னு. மீதிப் பாதியை ஏன் இழுத்தேன்னு கேக்காதீங்க."

"தப்பு பண்ணியிருக்கீங்க. போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா குளத்தை மூடிடுவாங்க. முப்பது பசங்க தரையில நீச்சல் அடிப்பாங்க, பரவாயில்லையா?" பிறகு குரல் இன்னும் இறங்கியது. "யார்கிட்டயோ போய்க் கேட்டேனா? உங்ககிட்ட வந்து கேக்கிறேன். இந்தச் சங்கத்துலயே சுத்தம்னா மாஸ்டரோடதுதான் சுத்தம்னு ஊருக்கே தெரியும்."

அங்கேதான் மாஸ்டர் சறுக்கினார்.

அவரைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் 'பட்டாசு' என்று பேர். தோற்ற ஆட்டம் ஒன்றின் முடிவில் உடை மாற்றும் அறையின் கதவைக் காலால் உதைத்துக் கீலோடு பெயர்த்தவர். அவர் தலை தெரிந்தாலே பிள்ளைகள் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒளிவார்கள். ஒரு கோல்கீப்பர் பெண் அவர் குரலைக் கேட்டுப் பேச்சே வராமல் நின்றாள். சங்கம் கடைசி எச்சரிக்கை கொடுத்தது. அன்று ராத்திரி அவர் மூச்சுப் பயிற்சி ஆரம்பித்தார். என்ன ஆச்சரியம், பத்தே நாளில் கோபம் போன இடம் தெரியவில்லை. இன்றைக்கு அவர் பேர் 'ஐஸ் மாஸ்டர்'.

"எல்லாம் மூச்சுதான்" என்று அவர் பெற்றோருக்கு அடிக்கடி வகுப்பு எடுப்பார். "மனுஷன் மனசு வச்சா எதையும் ஜெயிக்கலாம்."

"ஆமா சார், மூச்சுதான் சார்" என்று அவர்கள் வேகவேகமாக ஒத்துக்கொள்வார்கள்.

மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது, டீ கூடக் கிடையாது. அப்படி ஒரு மனிதரிடம் போய் 'உங்களோடதுதான் சுத்தம்' என்று சொன்னால் மனம் இளகாதா? இளகியது. பாட்டில் நிறைந்தது. கை வந்த வழியே திரும்பிப் போனது.

"தங்கம் மாஸ்டர் நீங்க" என்றது தடுப்பு.

கதவைத் திறந்து வெளியே வந்தார். குழாயடிக் கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் தெரிந்தது. ஓட்டப்பந்தயம் கற்றுத்தரும் ஓட்டக்காரர். சங்க வாசலிலிருந்து மைதானத்துக்குக்கூட ஸ்கூட்டரில் வருகிறவர். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை.

"கேட்டுட்டேன்" என்றார் ஓட்டக்காரர், கண்ணாடியைப் பார்த்தே.

"என்ன கேட்டீங்க?"

"எல்லாத்தையும். எனக்கு இடுப்பு வலி மாஸ்டர். யாரோ ஒரு மாத்திரை குடுத்தாங்க. அதைப் போட்டா வலி மட்டுமா போகுது? கவலை, கடன், மாமியார் எல்லாமே போயிடுது. அது என்ன மாத்திரைன்னு கேக்கவே பயமா இருக்கு." அவர் கையிலும் ஒரு பாட்டில் இருந்தது. "நீச்சலுக்கு மட்டும்தானா? ஓட்டத்துக்குக் கிடையாதா?"

மாஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போனார். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லை என்றால் ஓரவஞ்சனை ஆகிவிடாதா?

இரண்டாவது பாட்டிலையும் கொடுத்தனுப்பிவிட்டு நடையில் இறங்கினார். நடை நீளமானது. மழை இருட்டு வேறு. குழல் விளக்கு ஒன்று எரிவதும் அணைவதுமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. துடைப்பம் வைக்கும் அறைக் கதவு தானாக ஒரு விரற்கடை திறந்தது.

"ஸ்ஸ்."

மாஸ்டர் நின்றார். இருட்டுக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் மின்னியது.

"உள்ள வாங்க மாஸ்டர். சீக்கிரம்."

சங்கச் செயலாளர். பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுத்தருவதால் அவரும் பட்டியலில் இருந்தார்.

"நீங்களுமா?" என்றார் மாஸ்டர். "உக்காந்து காய் நகத்துறதுக்கு எதுக்கு மருந்து?"

"கம்ப்யூட்டர்ல ஆடுறேன் மாஸ்டர். எதிராளி உலகத்தோட அந்தப் பக்கம் இருக்கான். அவனுக்கு விடியும்போது எனக்கு ராத்திரி. முழிச்சிருக்க ஒரு மாத்திரை. முழிச்சப்புறம் தூங்க ஒரு மாத்திரை." செயலாளர் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "விதியைக் கொண்டுவந்தது நீங்க. கையெழுத்துப் போட்டது நான். முதல்ல மாட்டுறது நானா? உங்களோடது ஒரு அவுன்ஸ் போதும்."

மூன்றாவது பாட்டில் செரிமான மருந்து பாட்டில். அதை நிறைக்க மாஸ்டர் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. துடைப்பங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் யோசித்தார்: மூன்று பேருக்குள்ளும் நான்தானே இருக்கிறேன். ஒரு வகையில் சங்கமே சுத்தமாகிவிட்டது. இப்படி நினைத்தபோது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாவம்.

நடையின் கடைசியில் ஒரு மேசை போட்டுச் சோதனைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிற உடை. நடந்தால் சத்தமே வராத செருப்பு. பக்கத்தில் மாதிரிகளை வைக்கும் ஒரு நீலக் குளிர்பெட்டி முனகிக்கொண்டே இருந்தது. அவர் எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. கண் இமைப்பதையும் யாரும் பார்க்கவில்லை.

"நீங்கதான் முதல்ல சோதிக்கச் சொன்னவரா?" என்றார் அவர். குரல் மெல்லியது. ஆனால் நடை முழுக்கக் கேட்டது.

"ஆமாம்மா."

"ஆனா முதல்ல வரலையே."

ஒரு கிண்ணத்தை நீட்டினார். "கதவுக்கு வெளியில நான் நிப்பேன். இது முடியிற வரைக்கும் வெளியிலேர்ந்து எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. நான் குடுக்குற தண்ணி மட்டும்தான்."

மாஸ்டர் உள்ளே போய் நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

ஒரு சொட்டுகூட வரவில்லை.

குழாயைத் திறந்துவிட்டார். மூச்சை இழுத்து விட்டார். நீர்வீழ்ச்சிகளை நினைத்துப் பார்த்தார். கதவுக்குக் கீழே இரண்டு சாம்பல் நிறச் செருப்பு நுனிகள் அசையாமல் தெரிந்தன. அதைப் பார்த்ததும் உள்ளே இருந்த கொஞ்சநஞ்சமும் மேலே ஏறிக்கொண்டது.

"வரலையா?" என்றது கதவு.

"இப்பதான்... வந்து... கொஞ்ச நேரம் முன்னாடிதான் போனேன்."

"ரெண்டு பேர் குடுத்துட்டாங்க. செயலாளர் இப்ப வருவாரு. அப்புறம் நீங்க மட்டும்தான் பாக்கி." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "தண்ணி குடிங்க."

குடித்தார். மூடி பிரிக்காத பாட்டில் ஒன்றை முடித்தார். இன்னொன்றையும் முடித்தார். வயிறு தளும்பியது. ஆனால் வயிற்றுக்குக் கீழே தகவல் போய்ச் சேரவே இல்லை. குடித்த தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று அவருக்கே புரியவில்லை.

நடை பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதுதான் ஜன்னலில் அந்த முகத்தைப் பார்த்தார்.

மழைத் தண்ணீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அப்பா நின்றுகொண்டிருந்தார். அன்று கூட்டத்தில் 'நம்பிக்கை இருக்கு' என்று சொன்னவர். தலை நனைந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்க்கை உயர்த்திக் காட்டினார்.

"என்ன சார்?" என்று மாஸ்டர் சைகையால் கேட்டார்.

அவர் ஓடி வந்து நடைக் கதவைத் தட்டினார். "சார், ஆரஞ்சு ஜூஸ் சார். எப்பவும் குடுக்கிறதுதான், வீட்டுல போட்டது. நேத்து மழைன்னு பயிற்சி இல்லாம போச்சு, உங்களைப் பாக்கவே முடியல. ஒரே ஒரு வாய் குடிச்சிடுங்க சார்."

"வெளியில இருந்து எதுவும் கூடாது" என்றார் சோதனைக்கார அம்மா.

"ஒரு மடக்கும்மா. ஒரே மடக்கு."

"கூடாது."

அந்த அப்பாவின் முகம் வெளிறிப் போனது. மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நல்லா இருக்கீங்களா? உங்களுக்கு ஒண்ணும் தோணலையே? கை கால் நடுங்கலையே?" என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்து போனார். பிளாஸ்க்கைக் கீழே வைக்கவில்லை.

மாஸ்டர் அவர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டார். என்ன மனிதர்கள்! ஒரு பயிற்சியாளன் தாகமாக இருக்கிறான் என்றதும் மழையில் நனைந்துகொண்டு ஜூஸ் கொண்டுவருகிறார்களே!

கைபேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். ஏன்?"

"காலையில யாராச்சும் ஏதாச்சும் குடிக்கக் குடுத்தாங்களா?"

"இல்ல. இங்க விட மாட்டேங்கிறாங்க. எதுக்குக் கேக்கிற?"

மறுமுனையில் இழுத்து மூச்சு விடும் ஒலி மட்டும் கேட்டது.

"நேத்தும் இல்லையா?"

"நேத்து பயிற்சியே இல்லையேம்மா."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. உடனே வீட்டுக்கு வந்துடுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல, வேண்டாம். வராதீங்க. அங்கேயே இருங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

வைத்துவிட்டாள்.

என்ன ஆயிற்று இவளுக்கு? மாஸ்டர் கைபேசியை வெறித்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் குழல் விளக்கின் ரீங்காரம் காதில் விழுந்தது. இவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டுதானா இருந்தது? கழிப்பறைக் குழாய் சொட்டுவதும் கேட்டது. நீலப் பெட்டியின் முனகலும் கேட்டது. இரண்டு வருடமாகக் காதில் பஞ்சு வைத்திருந்தது போலவும், யாரோ இப்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுப்பது போலவும் இருந்தது.

எதிர்ப் பெஞ்சில் ஓட்டக்காரர் பிஸ்கட் மென்றுகொண்டிருந்தார். அதன் நொறுங்கல் மாஸ்டரின் மண்டைக்குள் கேட்டது.

"வாயை மூடித் தின்னுய்யா!"

ஓட்டக்காரர் அப்படியே மெல்லுவதை நிறுத்திவிட்டார், வாயில் பாதி பிஸ்கட்டோடு. மாஸ்டர் 'யா' போட்டுக் கத்தி அவர் கேட்டு இரண்டு வருடமாயிற்று.

மாஸ்டரும் திடுக்கிட்டார். இந்தக் குரல் எங்கிருந்து வந்தது? அவர் மூச்சை இழுத்தார். விட்டார். இழுத்தார். எப்போதும் வேலை செய்யும் மூச்சு இன்றைக்குச் சும்மா மூச்சாக மட்டுமே போய் வந்துகொண்டிருந்தது. நெற்றிப்பொட்டில் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்து, 'என்னப்பா, ரொம்ப நாளாச்சு' என்று கேட்டது.

ஜன்னல் பக்கம் திரும்பினார். இப்போது ஒரு முகமில்லை. ஜன்னல் முழுக்க முகங்கள். அம்மாக்கள், அப்பாக்கள், யாரோ ஒரு பெரியப்பா. அத்தனை பேரும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, கண் கொட்டாமல் அவரையே பார்த்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்க் இருந்தது. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. ஒரு கை அதைத் துடைத்தது. மறுபடியும் முகங்கள்.

அவர்களுக்குப் பின்னால், கூரைக்கு அடியில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நாளைக்கு இறுதிப் போட்டி என்றால் எப்படிக் கூச்சல் போட வேண்டும்! ஒரு சத்தமில்லை. மாஸ்டர் எழுந்து ஓர் அடி வைத்தார். வரிசை மொத்தமும் ஓர் அடி பின்னால் போனது. அவர் இன்னோர் அடி வைத்தார். வரிசை கலைந்து தூண்களுக்குப் பின்னால் மறைந்தது. ஒவ்வொரு தூணுக்குப் பக்கத்திலும் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

மாஸ்டர் அங்கேயே நின்றுகொண்டார். தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என்ன அது?

"கட்டடத்தைப் பூட்டுற நேரம் வந்துடுச்சு" என்றார் சோதனைக்கார அம்மா, அவர் காதருகில். எப்போது எழுந்து வந்தார்? "குடுக்கலைன்னா மறுத்ததாத்தான் அர்த்தம். நாளைக்கு மைதானத்துக்குள்ள வர முடியாது."

நாளைக்கு வர முடியாதா? இறுதிப் போட்டியில் பிள்ளைகள் யார் முகத்தைப் பார்த்து ஆடுவார்கள்? மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு கழிப்பறைப் பக்கம் பூனை போலப் போய்க்கொண்டிருந்தார்.

மாஸ்டருக்குப் பளிச்சென்று உறைத்தது. பின்னாலேயே பாய்ந்தார்.

"குடுங்க."

"எதை?" என்றார் செயலாளர், பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"என்னோடதை."

"நல்லா இருக்கே! குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறது மரியாதையா மாஸ்டர்?"

"யோவ், அது என்னோட சிறுநீர்யா!"

"மெதுவா, மெதுவா! குடுத்தப்புறம் எப்படி உங்களோடது? இவ்வளவு நேரம் என் உடம்பு சூட்டுல வச்சுப் பாதுகாத்திருக்கேன். எனக்கும் உரிமை இருக்கு."

"இப்ப குடுக்கிறியா, இல்ல இந்தக் கதவைப் பேத்துக் கையில குடுக்கட்டுமா?"

செயலாளர் மாஸ்டரின் கண்ணைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, மறுபேச்சில்லாமல் பாட்டிலை எடுத்தார். "சரி, ஆளுக்குப் பாதி" என்று கெஞ்சலாகச் சொன்னார். குழாயடியில் நின்று, இருவரும் இரண்டு கிண்ணத்தில் சரிபாதியாக ஊற்றினார்கள். செயலாளர் கொஞ்சம் கூட ஊற்றிக்கொண்டதாக மாஸ்டருக்குச் சந்தேகம். அதற்கும் ஒரு முறை முறைத்தார்.

மேசையில் நாலு கிண்ணமும் வரிசையாக உட்கார்ந்தன. நீச்சல்காரர், ஓட்டக்காரர், செயலாளர், மாஸ்டர் நாலு பேரும் எதிரில் நின்றார்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் பக்கவாட்டிலும் ஒரு பட்டை. அதில் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"கட்டத்துல கோடு வந்தா சுத்தம். வரலைன்னா இல்ல" என்றார் சோதனைக்கார அம்மா.

நீச்சல்காரர் மாஸ்டரைப் பார்த்து நன்றியோடு கண் சிமிட்டினார். மாஸ்டரின் மார்பு லேசாக நிமிர்ந்தது. எது போனாலும் இது போகாது. சங்கத்திலேயே சுத்தமானது இதோ நாலு கிண்ணத்தில் இருக்கிறது.

கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசிக் கட்டம் வந்தது. நாலு கிண்ணத்திலும் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. காத்திருந்தார்கள். பெட்டி முனகியது. கோடு வரவே இல்லை.

சோதனைக்கார அம்மா குனிந்து பார்த்தார். ஒரு கிண்ணத்தைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். அன்று முதல் தடவையாக இமைத்தார்.

"இத்தனை வருஷத்துல இப்படிப் பாத்ததில்ல" என்றார். "நாலு பேர் உடம்புலயும் ஒரே மருந்து. ஒரே அளவு. ஆளை அடக்கி வைக்கிற மாத்திரை. ஆஸ்பத்திரியில கை கால் கட்டி வைக்கிற கேசுக்குத்தான் இதைக் குடுப்பாங்க. நாளா குடுத்துக்கிட்டு வந்தாதான் இவ்வளவு தேங்கும்." நிமிர்ந்தார். "நாலு பேரும் சங்கத்துச் சாவியை வச்சிட்டுப் போகலாம்."

"அம்மா, அது என்னோடது இல்லம்மா!" என்று நீச்சல்காரர் அலறினார். "நான் வேற போதையம்மா! சத்தியமா வேற போதை!"

"எனக்கும் இடுப்பு வலி மாத்திரைதாம்மா!" என்றார் ஓட்டக்காரர்.

"நாலும் மாஸ்டரோடது" என்றார் செயலாளர், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு.

ஆறு கண்கள் மாஸ்டரின் மேல் நின்றன. சுத்தமான மனிதரின் மேல்.

மாஸ்டருக்கு முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு எல்லாமே ஒரேயடியாகக் கேட்டது. விளக்கு, குழாய், மழை, பெட்டி, ஜன்னலுக்கு வெளியே அத்தனை பேரின் மூச்சும். இரண்டு வருடமாகப் பூட்டி வைத்த ஏதோ ஒன்று உள்ளங்காலிலிருந்து கிளம்பி மேலே வந்தது. அவர் கால் தானாக உயர்ந்தது. மேசை கவிழ்ந்தது. நடைக் கதவு கீலோடு பெயர்ந்து போய் மழையில் விழுந்தது.

வாசல் இப்போது திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் பெற்றோர் எல்லாரும் பிளாஸ்க்குகளைத் தூக்கிப் பிடித்தபடி, உறைந்து போய் நின்றார்கள்.

"டீ கூடக் குடிக்காதவன்டா நான்!" என்று பட்டாசு வெடித்தது. குரல் மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. "என் கோபத்தை நானா ஜெயிச்சேன்! என் மனசை நானா அடக்கினேன்! என் உடம்புக்குள்ள இந்தக் கருமத்தை எவன்டா வச்சது? சொல்லுங்க! எவன்?"

அப்பாக்கள் தரையைப் பார்த்தார்கள். அம்மாக்கள் பிளாஸ்க்குகளை முந்தானைக்குள் மறைத்தார்கள். மழைகூடக் கொஞ்சம் நின்றது போலிருந்தது.

ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து கோல்கீப்பர் பெண் மெல்ல எட்டிப் பார்த்தாள். ஓடிப் போய்த் தன் அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஐயோ அம்மா, இன்னிக்கு சாருக்கு மாத்திரை போட வேண்டியது நம்ம வீட்டு முறைதானே, மறந்துட்டியா?"